கம்பளித் துணிக் கோட்டாத் தகராறு: கோப்பை முதல்முறை பிரிப்பவருக்கு

வர்த்தகத் துறையிலோ ஏற்றுமதி அமைப்பிலோ பத்திரிகை மேசையிலோ புதிதாகச் சேர்ந்தவர் கையில் ஒரு நாள் இந்த மாதிரி கோப்பு வந்து விழும். மேலே ஓர் அரசாணை, அதன் கீழ் நான்கைந்து நாடுகளின் கண்டனக் குறிப்புகள், இடையிடையே ஆலைச் சங்கங்களின் மனுக்கள். பெரும்பாலோர் கண்டனக் குறிப்பிலிருந்து வாசிக்கத் தொடங்குகிறார்கள், பாதியில் வழி தவறிப் போகிறார்கள். கண்டனக் குறிப்பில் கோபம்தான் இருக்கும். எந்தச் சொல், எந்த எண் அந்தக் கோபத்தைக் கிளப்பியது என்பது அரசாணையிலும், அதற்கும் முந்தைய ஒப்பந்த அட்டவணையின் ஒரு குறிப்பிலும் இருக்கும்.

கோப்பை எந்த வரிசையில் பிரிப்பது என்று காட்ட இரண்டு உண்மை வழக்குகளைக் கையில் வைத்துக்கொள்வோம். ஒன்று, 1956 முதல் 1960 வரை அமெரிக்கா கம்பளித் துணிக்கு வைத்த வரிக் கோட்டா. பிரிட்டன், ஜப்பான், இத்தாலி மூன்றையும் உறுத்திய விஷயம். மற்றொன்று, கம்பளிச் சட்டைகளுக்காக 1995இல் இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் மூண்டு, 1997இல் உலக வர்த்தக அமைப்பில் முடிந்த வழக்கு.

கோட்டா என்றால் எந்தக் கோட்டா?

திருப்பூரில் 2004 முடியும்வரை "கோட்டா இருக்கா?" என்று கேட்டால் அதன் பொருள் ஒன்றுதான். அளவு தீர்ந்துவிட்டால் சரக்கு அமெரிக்காவுக்குள் போகாது, கதவு அடைப்பு. அது அளவுக் கட்டுப்பாடு. வரிக் கோட்டா வேறு. குறிப்பிட்ட அளவுவரை ஒரு வரி, அதைத் தாண்டினால் கூடுதல் வரி. சரக்கு உள்ளே போகும், விலைதான் ஏறும்.

இந்த வித்தியாசத்தை முதல் பக்கத்திலேயே பென்சிலால் குறித்து வையுங்கள். காட் (GATT) என்பது உலக வர்த்தக அமைப்புக்கு முன்பிருந்தே நாடுகள் வரி, வர்த்தகம் பற்றிச் செய்துகொண்ட பொது ஒப்பந்தம். அதன் 11ஆவது பிரிவு அளவுக் கட்டுப்பாட்டைப் பொதுவாகத் தடைசெய்கிறது. வரிக் கோட்டா அதில் மாட்டாது, ஏனென்றால் அது வரி. இரண்டாம் அடுக்கின் வரி, அந்த நாடு அட்டவணையில் எழுதிக்கொடுத்த உச்சவரம்பைத் தாண்டாதவரை யாரும் அதைச் சட்டமீறல் என்று சொல்ல முடியாது. ஆனால் பங்கீட்டில் பாகுபாடு காட்டக்கூடாது என்ற 13ஆவது பிரிவு, அதன் 5ஆவது பத்தி வழியாக வரிக் கோட்டாவுக்கும் பொருந்தும். அதனால் வரிக் கோட்டாவை எதிர்ப்பவர்கள் "வைக்கவே கூடாது" என்று வாதிட்டுப் பெரும்பாலும் தோற்பார்கள். "இப்படி நிர்வகிக்கக் கூடாது" என்று வாதிடுபவர்களுக்குத்தான் கொஞ்சம் பிடி கிடைக்கும்.

மூல வாசகத்தைச் சொல் சொல்லாகப் பிரியுங்கள்

1956 வழக்கின் வேர் 1947இல், ஜெனீவாவில் நடந்த காட் பேச்சில் இருக்கிறது. அங்கே அமெரிக்கா கம்பளித் துணிக்கான வரியைக் குறைத்தது. குறைக்கும்போதே அட்டவணையில் ஒரு குறிப்பையும் போட்டுக்கொண்டது. அதன் சாரம் இது: ஒரு காலண்டர் ஆண்டில் இறக்குமதியாகும் துணியின் மொத்த எடை, அதற்கு முந்தைய மூன்று காலண்டர் ஆண்டுகளில் அமெரிக்காவில் உற்பத்தியான அதுபோன்ற துணியின் ஆண்டுச் சராசரியில் 5 விழுக்காட்டைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மதிப்பு வரியை (விலையில் இத்தனை விழுக்காடு என்று போடும் வரி) 45 விழுக்காடுவரை உயர்த்தும் உரிமை அமெரிக்காவுக்கு உண்டு.

ஒன்பது ஆண்டுகள் அந்தக் குறிப்பு தூங்கியது. 1956 இலையுதிர் காலத்தில் அதிபர் ஐசனாவர் அதை எழுப்பினார்.

இதில் ஐந்து சொற்களுக்கு அடிக்கோடிடுங்கள். "காலண்டர் ஆண்டு", "எடை", "அதுபோன்ற துணி", "மூன்று ஆண்டுச் சராசரி", "உரிமை". சண்டை முழுவதும் இவற்றில்தான்.

"உரிமை" என்பதால் அது கட்டாயம் அல்ல. பயன்படுத்தாமல் இருந்திருக்கலாம் என்று எதிர்த்தரப்பு சொல்லும், பயன்படுத்த யாரையும் கேட்க வேண்டியதில்லை என்று அமெரிக்கா சொல்லும். இரண்டும் சரி. ஆகவே அந்த வாதம் ராஜதந்திரக் கடிதங்களில் சுற்றுமே தவிர, நீதி கேட்கும் மேடைக்குப் போகாது.

"அதுபோன்ற துணி" என்பதை விரிவாக எடுத்தால் உள்நாட்டு உற்பத்தி பெரிதாகத் தெரியும், கோட்டாவும் பெரிதாகும். குறுக்கினால் கோட்டா சுருங்கும். எனவே உள்நாட்டு ஆலைகள் இங்கே குறுகிய வரையறையை விரும்பும். பாதிப்பை நிரூபிக்க வேண்டிய வழக்கில் அதே ஆலைகள் விரிந்த வரையறையைத் தேடும். 1995 வழக்குக்கு வரும்போது இதை நினைவில் வையுங்கள்.

"மூன்று ஆண்டுச் சராசரி" பார்க்க நியாயமாகத் தெரியும், ஆனால் அதில் ஒரு கொக்கி உண்டு. உள்நாட்டு ஆலைகள் மூடிக்கொண்டே போனால் சராசரி இறங்கும், கோட்டாவும் கூடவே இறங்கும். வாங்குபவர்களுக்கு வெளிநாட்டுத் துணி அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் வாசல் குறுகும்.

எண்களைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்

1957க்கு அறிவிக்கப்பட்ட அளவு 1.4 கோடி பவுண்டு, அதாவது சுமார் 63.5 லட்சம் கிலோ. இது 5 விழுக்காடு என்றால் 20ஆல் பெருக்குங்கள். அடிப்படையாக எடுத்த உற்பத்தி 28 கோடி பவுண்டு என்று வரும். 1958க்கு 1.42 கோடி, அதாவது 28.4 கோடி பவுண்டு அடிப்படை. 1959க்கு 1.35 கோடி என்றபோது அது 27 கோடியாக இறங்குகிறது. இந்தத் திருப்புக் கணக்கை எப்போதும் போட்டுவிடுங்கள். அரசு எந்த உற்பத்திப் புள்ளிவிவரத்தை எடுத்தது என்பதைக் கடிதங்கள் சொல்லாவிட்டாலும் இது காட்டிக்கொடுக்கும். எண்ணை முழுமையாக்கியிருக்கலாம் என்பதால் கடைசி இலக்கத்தை நம்ப வேண்டாம்.

முதல் ஆண்டைத் தனியாகப் பாருங்கள். 1956இல் கோட்டா அமலுக்கு வந்தது அக்டோபர் 1. மீதமிருந்த மூன்று மாதத்துக்கு 35 லட்சம் பவுண்டு, ஆண்டு அளவில் சரியாகக் கால்பங்கு. துணி இறக்குமதி மாதாமாதம் சமமாக வருவதில்லை, அது பருவத்தை ஒட்டி வரும். கால்பங்கு என்பது காகிதத்தில் மட்டுமே கால்பங்கு.

எந்தத் துணி, எவ்வளவு வரி

அன்றைய அமெரிக்க வரிப்பட்டியலில் சதுர கஜத்துக்கு 4 அவுன்ஸ் எடைவரை ஒரு வரிசை, அதற்கு மேல் இன்னொரு வரிசை. இன்றைய கணக்கில் 4 அவுன்ஸ் என்பது சதுர மீட்டருக்குச் சுமார் 136 கிராம். பொருள் கம்பளியா இல்லையா என்பதை இழையின் எடை தீர்மானிக்கவில்லை. எந்த இழையின் மதிப்பு அதிகம் என்பதே தீர்மானித்தது. விலையுயர்ந்த வேறோர் இழையைப் போதுமான அளவு கலந்தால் துணி வேறு வரிசைக்கு நகர வழியிருந்தது.

இப்போது உலகம் முழுவதும் பயன்படும் பொதுக் குறியீட்டில் கம்பளி 51ஆம் அத்தியாயம். சீவிய கம்பளியில் நெய்தது 5111, கோதிய கம்பளியில் நெய்தது 5112. முன்னது முரட்டு ட்வீட் வகை, பின்னது வழவழப்பான சூட் துணி. எடையில் 85 விழுக்காடோ அதற்கு மேலோ கம்பளி இருந்தால் ஓர் உட்பிரிவு, குறைந்தால் வேறு. 5111இல் சதுர மீட்டருக்கு 300 கிராம், 5112இல் 200 கிராம் என்பவை அடுத்த கோடுகள். புதியவர் செய்யும் பழக்கமான தவறு, பழைய வழக்கின் "கம்பளித் துணி"யை இன்றைய குறியீட்டோடு நேராகப் பொருத்துவது. இரண்டின் கோடுகளும் வேறு வேறு இடத்தில் விழுகின்றன.

வரி இரண்டு துண்டு. ஒன்று எடை வரி, மற்றொன்று மதிப்பு வரி. பெரும்பாலான ரகங்களுக்குப் பவுண்டுக்கு 37.5 சென்ட், அதோடு மதிப்பில் 25 விழுக்காடு. எடை வரி எதற்கு என்று புரிந்துகொண்டால் பாதித் தகராறு விளங்கிவிடும். அமெரிக்காவில் பச்சைக் கம்பளிக்கே இறக்குமதி வரி இருந்தது. ஆடு வளர்ப்பவர்களைக் காக்கும் அந்த வரியால் உள்ளூர் ஆலைக்குச் செலவு கூடியது. அதை ஈடுகட்ட வெளிநாட்டுத் துணிமீது எடை வரி. 1947இல் சுத்தக் கம்பளிக்கான வரி பவுண்டுக்கு 34 சென்டிலிருந்து 25.5 சென்டாக, அதாவது நான்கில் ஒரு பங்கு குறைந்தது. துணியின் எடை வரியும் 50 சென்டிலிருந்து 37.5 சென்ட், அதே நான்கில் ஒரு பங்கு. கம்பளி வரியைக் குறைக்காவிட்டால் ஆஸ்திரேலியா முறுக்கிக்கொள்ளும் என்ற நிலையில், அதற்கு நேர்மாறான மசோதாவை அதிபர் ட்ரூமன் ரத்து செய்த பிறகே ஜெனீவாவில் பேச்சு நகர்ந்தது. ஆடு மேய்ப்பவரும் ஆலைக்காரரும் ஒரே கட்சி என்று எண்ணிவிடாதீர்கள்.

இனி கணக்கு. பவுண்டு 4 டாலர் விலையுள்ள நல்ல சூட் துணி ஒன்று, 1.50 டாலர் விலையுள்ள மலிவுத் துணி ஒன்று.

4 டாலர் துணிக்குக் கோட்டாவுக்குள் எடை வரி 37.5 சென்ட், மதிப்பு வரி 1 டாலர், மொத்தம் 1.375 டாலர். கோட்டாவைத் தாண்டினால் மதிப்பு வரி 1.80, மொத்தம் 2.175. வித்தியாசம் 80 சென்ட்.

1.50 டாலர் துணிக்குக் கோட்டாவுக்குள் 37.5 சென்டும் இன்னொரு 37.5 சென்டும், மொத்தம் 75 சென்ட். விலையில் பாதி வரியாகவே போய்விட்டது. தாண்டினால் 1.05 டாலர், அதாவது விலையில் 70 விழுக்காடு. வித்தியாசம் 30 சென்ட்.

கோட்டா எடையில் அளக்கப்படுகிறது என்பதை இப்போது சேர்த்துப் பாருங்கள். ஆயிரம் பவுண்டு மலிவுத் துணியும் ஆயிரம் பவுண்டு உயர்ந்த துணியும் கோட்டாவில் அதே இடத்தை அடைக்கும். ஆனால் இடம் கிடைக்காமல் போனால் முன்னதற்கு 300 டாலர் கூடுதல், பின்னதற்கு 800 டாலர்.

கோட்டா எப்படி நிரம்புகிறது

கோப்பில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். அளவு எவ்வளவு என்பதைவிட அது எந்த வரிசையில் தீர்கிறது என்பதுதான் நாடுகளை எரிச்சலூட்டியது. அந்தக் கோட்டாவில் எந்த நாட்டுக்கும் தனிப் பங்கில்லை. முதலில் வந்தவருக்கு முதலில்.

"வந்தது" என்றால் கப்பல் வந்து சேர்ந்த நாள் என்று புதியவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியல்ல. சுங்கத்தில் உள்நாட்டு உபயோகத்துக்கு என்று பத்திரம் தாக்கல் செய்யும் நேரம்தான் கணக்கு. சரக்கு செப்டம்பரிலேயே வந்து, வரி கட்டாமல் சுங்கக் காப்புக் கிடங்கில் கிடக்கலாம். ஜனவரியில் கோட்டா திறந்ததும் பத்திரம் தாக்கலாகும். அந்த வழியில் போனால் ஆண்டுக் கோட்டாவில் பெரும் பகுதி, ஆண்டு தொடங்கும் முன்பே கிடங்கில் உட்கார்ந்திருக்கும்.

காத்திருப்பது லாபமா? ஆண்டு வட்டி 6 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் ஆறு மாதத்துக்கு 3 விழுக்காடு. கிடங்கு வாடகை, காப்பீடு, கம்பளிக்கே உரிய பூச்சித் தொல்லை எல்லாம் சேர்த்தாலும், கோட்டாவுக்குள் நுழைந்தால் மிச்சமாகும் 20 விழுக்காட்டுக்குப் பக்கத்தில்கூட வராது. எனவே காத்திருக்க முடிந்தவர் காத்திருப்பார்.

யாரால் காத்திருக்க முடியும்? நீலம், கறுப்பு, சாம்பல் என்று எந்த ஆண்டும் விற்கும் மலிவு ரகத்தை வைத்திருப்பவரால் முடியும். இத்தாலியில் பிராட்டோ நகரம் பழைய கம்பளியைப் பிரித்து மறுபடி நூற்று நெய்வதில் பேர்பெற்றது. அப்படிப்பட்ட விலைப்போட்டித் துணிக்கு இந்த முறை தோதானது. யார்க்‌ஷயரிலும் ஸ்காட்லாந்திலும் நிலைமை வேறு. மாதிரி காட்டி, அந்தப் பருவத்து வடிவத்துக்கு ஆர்டர் வாங்கி, நெய்து, தையல் நிறுவனம் வெட்டத் தொடங்கும் தேதிக்குள் அனுப்ப வேண்டும். ஆர்டர் கையெழுத்தாகும்போது, துணி துறைமுகம் சேரும் நாளில் வரி 25 விழுக்காடா 45 விழுக்காடா என்று இருவருக்கும் தெரியாது. அந்த 80 சென்டை யார் ஏற்பது என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் தகராறு, எழுதினால் ஆர்டரே கிடைக்காது. பிரிட்டன் தரப்பு வாதத்தின் கனம் இந்த நிச்சயமின்மையில் இருந்தது.

கோப்பில் இதைச் சோதிக்க மாதவாரி இறக்குமதிப் புள்ளிவிவரத்தைத் தேடுங்கள். ஆண்டு மொத்தத்தை மட்டும் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஜனவரியில் திடீர் ஏற்றம், டிசம்பருக்கு முந்தைய மாதங்களில் பள்ளம் என்றால் கிடங்கு ஆட்டம் நடந்திருக்கிறது.

மாற்று முறைகளும் சுத்தமில்லை. காலாண்டாகப் பிரித்தால் ஒரு நெரிசல் நான்கு நெரிசலாகும். உரிமம் கொடுத்தால் பழைய இறக்குமதியாளர் கை ஓங்கும். நாடுவாரிப் பங்கு என்றால் 13ஆவது பிரிவு "முந்தைய பிரதிநிதித்துவக் காலம்" ஒன்றைக் கேட்கும். எந்த ஆண்டுகள் பிரதிநிதித்துவம் என்பதே அடுத்த சண்டை. பங்கு சரிந்துவரும் நாடு பழைய ஆண்டுகளைக் கேட்கும், ஏறிவரும் நாடு கடைசி ஆண்டுகளைக் கேட்கும். ஐரோப்பிய ஒன்றியம் இன்று முதலில் வந்தவருக்கு முதலில் என்ற முறையை வைத்திருக்கும் கோட்டாக்களில், 90 விழுக்காடு தீர்ந்ததும் கோட்டாவை "நெருக்கடி நிலை" என்று குறித்து, கூடுதல் வரிக்கு ஈடாகப் பிணைத்தொகை கேட்கிறது. நிச்சயமின்மை போகாது, ஆனால் எப்போது தொடங்குகிறது என்றாவது தெரியும்.

உரிம முறை எப்படி இருக்கும் என்று பார்க்க அமெரிக்காவின் 2000ஆம் ஆண்டு வர்த்தக, வளர்ச்சிச் சட்டம் நல்ல மாதிரி. ஆண்கள் சூட்டுக்கான கோதிய கம்பளித் துணிக்கு அது இரண்டு வரிக் கோட்டாக்கள் வைத்தது. இழையின் சராசரி விட்டம் 18.5 மைக்ரானுக்கு மேல் என்றால் 25 லட்சம் சதுர மீட்டர், அதற்குள் என்றால் 15 லட்சம். பங்கு இறக்குமதியாளருக்கல்ல, துணியை அமெரிக்காவிலேயே வெட்டித் தைப்பவருக்கு. துணிக்கு வரி அதிகம், கனடாவிலிருந்து வரும் தைத்த சூட்டுக்கு வரி இல்லை என்ற தலைகீழ் நிலையைச் சரிக்கட்ட வந்தது அது. 1956 கோட்டா எடையில், இது பரப்பில். அலகைப் பார்க்காமல் இரண்டையும் ஒப்பிட்டு எழுதிய அட்டவணைகள் குப்பைக்கே.

பாதிப்பை நிரூபிக்க வேண்டிய வழக்கு

1947 குறிப்பின்படி அமெரிக்கா பாதிப்பு எதையும் நிரூபிக்கத் தேவையில்லை, எடை கணக்கிட்டால் போதும். 1995இல் அப்படியல்ல. உலக வர்த்தக அமைப்பின் ஜவுளி, ஆடை ஒப்பந்தத்தின் 6ஆவது பிரிவின்கீழ் புதுக் கட்டுப்பாடு வைக்க வேண்டுமென்றால், குறிப்பிட்ட உள்நாட்டுத் தொழிலுக்குக் கடும் சேதமோ அதற்கான உண்மையான ஆபத்தோ இருப்பதைக் காட்ட வேண்டும். உற்பத்தி, உற்பத்தித்திறன், கையிருப்பு, சந்தைப் பங்கு, கூலி, வேலைவாய்ப்பு, லாபம் என்று 11 அம்சங்களை அந்த ஒப்பந்தமே அடுக்குகிறது.

1995 ஏப்ரல் 18 அன்று, வகை எண் 440இல் வரும் நெய்த கம்பளிச் சட்டை, பிளவுஸ் பற்றி அமெரிக்கா இந்தியாவை ஆலோசனைக்கு அழைத்தது. உடன்பாடு வராததால் தானாகவே கட்டுப்பாட்டை வைத்தது. இந்தியா வழக்குத் தொடுத்தது, எண் டிஎஸ்33. பெண்கள் கம்பளிக் கோட்டு பற்றிய இணை வழக்கு, டிஎஸ்32, 1996 ஏப்ரலில் அமெரிக்கா கட்டுப்பாட்டைத் திரும்பப் பெற்றதால் அத்தோடு முடிந்தது.

சட்டை வழக்கில் அமெரிக்காவின் பலவீனம் நாம் மேலே சொன்ன வரையறைக் கொக்கிதான். நெய்த கம்பளிச் சட்டை என்ற சின்னத் தொழிலுக்கே உரிய புள்ளிவிவரம் தேவைப்பட்ட இடங்களில், அதைவிட விரிந்த தொழிலின் தகவல் நின்றது. அதனால் நடுவர் குழு இந்தியாவுக்குச் சாதகமாகச் சொன்னது. இப்படிப்பட்ட கோப்பில் ஒரு தாளை இரண்டாக மடித்து, இடப்பக்கம் அந்த 11 அம்சங்கள், வலப்பக்கம் ஒவ்வொன்றுக்கும் கொடுத்த சான்று எந்தப் பொருளைப் பற்றியது என்று எழுதுங்கள். வலப்பக்கத்தில் "மொத்தக் கம்பளித் தொழில்" என்று எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் ஓட்டை.

தேதிகளையும் கவனியுங்கள். கட்டுப்பாட்டை அமெரிக்கா விலக்கிக்கொண்டது 1996 நவம்பரில். குழுவின் அறிக்கை வெளியானது 1997 ஜனவரி 6. வென்ற இந்தியாவே மேல்முறையீடு செய்தது, ஏனென்றால் சில சட்டக் கேள்விகளில் குழு சொன்ன விதம் பிடிக்கவில்லை. 1997 ஏப்ரல் 25 அன்று மேல்முறையீட்டு அமைப்பு குழுவின் முடிவை உறுதிசெய்தது. மே 23இல் அது ஏற்கப்பட்டது. ஒரு விஷயத்தை உண்டென்று சொல்பவரே அதை நிரூபிக்க வேண்டும் என்று அங்கே எழுதிய பத்தி, பின்னாளில் ஜவுளிக்குச் சம்பந்தமே இல்லாத வழக்குகளிலும் மேற்கோளானது. சட்டைக்குப் பயன்? கட்டுப்பாடு நின்ற காலத்தில் போன ஆர்டர் எந்தத் தீர்ப்பாலும் திரும்பி வராது.

கடிதங்களை இப்போது வாசியுங்கள்

இதெல்லாம் முடிந்த பிறகே கண்டனக் குறிப்புகள். ஒவ்வொன்றிலும் மூன்றை மட்டும் தேடுங்கள்: எந்த ஒப்பந்தப் பிரிவைக் குறிப்பிடுகிறது, என்ன கேட்கிறது, என்ன கேட்காமல் விடுகிறது. பிரிவு எதையும் சொல்லாமல் "நட்புறவு", "தாராள வர்த்தகக் கொள்கை" என்று மட்டும் பேசினால், எழுதியவருக்கே சட்டப் பிடி இல்லை என்று தெரியும்.

1950களின் கோப்பில் இன்னொரு சுவாரசியம். ஜப்பான் 1955 செப்டம்பரில் காட் ஒப்பந்தத்தில் சேர்ந்தபோது, பிரிட்டன் 35ஆவது பிரிவைப் பிடித்துக்கொண்டு அதற்கு ஒப்பந்த உரிமைகளைத் தர மறுத்திருந்தது. ஆகவே வாஷிங்டனில் ஒரே கோட்டாவால் அடிபட்ட இருவரும் கைகோத்திருப்பார்கள் என்று நினைக்காதீர்கள். கோட்டாவுக்குள் அவர்கள் போட்டியாளர்கள். அமெரிக்காவுக்குள்ளும் குரல் ஒன்றல்ல. நெசவாலைக்குக் கோட்டா வேண்டும், சூட் தைப்பவருக்கு மலிவாகத் துணி வேண்டும், வெளியுறவுத் துறைக்குக் கூட்டாளி நாடுகளின் முகம் கோணாமல் இருக்க வேண்டும். அரசாணையின் ஒவ்வொரு சலுகையும் இவர்களில் ஒருவருக்கானது.

கோட்டா போனால் நிம்மதியா?

அட்டவணையில் உள்ளதை மாற்ற காட் ஒப்பந்தத்தின் 28ஆவது பிரிவில் வழி உண்டு. பேச்சு நடத்தி, ஈடு கொடுத்து மாற்றலாம். அந்த வழியில் 1961 ஜனவரி 1 முதல் வரிக் கோட்டாவை அமெரிக்கா எடுத்துவிட்டு ஒற்றை அடுக்கு வரியைக் கொண்டுவந்தது. பவுண்டு 2 டாலருக்கு மேற்பட்ட துணிக்கு 37.5 சென்டும் மதிப்பில் 38 விழுக்காடும்.

இது ஏற்றமா இறக்கமா என்று கேட்பார்கள். கணக்குப் போட்டுச் சொல்லுங்கள். பழைய முறையில் மொத்த இறக்குமதியில் 35 விழுக்காடு கோட்டாவுக்குள், 65 விழுக்காடு வெளியே என்றால், சராசரி மதிப்பு வரி சரியாக 38 வரும். 1.35 கோடி பவுண்டு கோட்டாவை 0.35ஆல் வகுத்தால் சுமார் 3.86 கோடி பவுண்டு. ஆண்டு இறக்குமதி அதற்குக் குறைவு என்றால் புது வரி மொத்தத்தில் சுமையே, கூடினால்தான் இறக்கம். நல்ல சூட் துணிக்காரர் சராசரியைப் பார்க்க மாட்டார். அவர் கட்டிக்கொண்டிருந்தது 45 என்றால் 38 அவருக்கு லாபம், அதைவிட ஆர்டர் எழுதும் நாளிலேயே வரி தெரிந்துவிடுகிறது. ஜனவரி முதல் வாரத்தில் 25இல் நுழைந்துகொண்டிருந்த மலிவுத் துணிக்காரருக்குக் கிடங்கில் காத்திருந்த லாபம் போனது. 2 டாலருக்குக் கீழான ரகங்களுக்கு வைத்த வரி, விலையோடு ஒப்பிட்டால் இன்னும் கனம்.